தகரப் பெட்டிக்குள் ஆணையர்கள்

ஆணையர்கள் வருவதற்கு முன்பே அவர்களுடைய முத்திரைகள் வந்துவிடும். அந்த அலுவலகத்தின் பழைய வழக்கம் அது. புது ஆணையரின் நியமனம் அரசிதழில் வந்த அன்றே யாராவது ஒருவர் இறங்கிப்போய், மெட்ரோ நிலைய வாசலில் இருக்கும் கடையில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்த அவர் பெயரில் ஒரு மர முத்திரை வெட்டி வாங்கி வருவார். அது நிலா அப்பம் என்ற பண்டிகை இனிப்பு வந்த ஒரு தகரப் பெட்டிக்குள் போய் விழும். பத்து நாள் கழித்து ஆணையர் மாலையும் புகைப்படமுமாகப் பதவியேற்பார். தன் முத்திரை எப்படி இருக்கும் என்று பெரும்பாலான ஆணையர்களுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

பெட்டி லாய் பெய்யூவின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் இயற்பியல் படித்தவள். அரசுத் தேர்வு எழுதி இரண்டு வருடங்களுக்கு முன் தைவான் தலைநகர் தைப்பேய்க்கு வந்தாள். வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி எல்லாவற்றுக்கும் உரிமம் கொடுக்கும் ஆணையம் என்பதால் ஏதாவது அளக்கக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தாள். கூட்டங்களில் குறிப்பெடுக்கக் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் குறிப்பிலிருந்து பதிவேடு தயாரிக்க வேண்டும். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து ஆணையர்களின் முத்திரைகளையும் அவர்கள் சார்பில் குத்த வேண்டும். ஆறாவதாக, குறிப்பெடுத்தவர் என்ற இடத்தில் தன் முத்திரையைக் குத்த வேண்டும். அதை மட்டும் அவள் தன் கைப்பையில் வைத்திருந்தாள்.

இதில் ஏதும் தவறு இருப்பதாக இரண்டு வருடங்களாக அவளுக்குத் தோன்றியதில்லை. கேபிள் கட்டணம், கோபுரம் நடும் அனுமதி, இப்படிப்பட்ட விஷயங்கள்தான். தேதி முத்திரை குத்துவது போலத்தான் இதையும் குத்தினாள்.

புதன்கிழமை கூட்டத்தில் ஒரே ஒரு பொருள் இருந்தது. தென்கரைத் தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது. பள்ளி மதிய உணவுக்கு அழுகின முட்டை போன கதையை அந்தத் தொலைக்காட்சி ஆறு வாரமாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் ஓர் அமைச்சரின் மைத்துனர். ஆணையத்தின் கோப்பில் முட்டை பற்றி ஒரு சொல் இல்லை. பங்குதாரர் பட்டியலைத் தாமதமாகக் கொடுத்தது, குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் நாய்ச் சண்டையைக் காட்டியது, இரண்டும்தான் குற்றம். நாய்ச் சண்டை பதினோரு விநாடி.

உரிமத்தை மறுக்க ஐந்து பேரில் நான்கு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் கை தூக்கினார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தூக்கினார்கள். வழக்கறிஞர் ஜுவாங் அம்மாள் தூக்கவில்லை. ஏன் என்று இருபது நிமிடம் பேசினார். ஐந்தாமவர் பேராசிரியர் லியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு இன்னும் யோசிக்க வேண்டியிருக்கு. இன்னைக்கு நான் எந்தப் பக்கமும் இல்ல.”

பெய்யூ அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பொருள் முடிவாகவில்லை என்று தலைவர் சொன்னார். அதையும் எழுதினாள். பேராசிரியர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு மூன்று மணி ரயிலில் தெற்கே தன் ஊரான தைனானுக்குக் கிளம்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தலைமைச் செயலர் வென் பதிவேட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். வழக்கமாக அவள்தான் எழுதி அவரிடம் கொண்டுபோவாள்.

“உனக்கு வேலை மிச்சம். நானே எழுதிட்டேன். முத்திரை குத்திடு. திங்கட்கிழமை நாலு மணிக்கு அறிவிப்பு.”

அவள் படித்தாள். ஒப்புக்கொண்டவர்கள் நான்கு பேர். மூன்றாவது பெயர் லியான்.

“சார், இதுல பேராசிரியர் ஒத்துக்கிட்டதா இருக்கு.”

“ஆமா.”

“அவர் யோசிக்கணும்னுதான் சொன்னாரு. என் குறிப்புல இருக்கு.”

“குறிப்பு வேற, பதிவேடு வேற, பெய்யூ. குறிப்புங்கறது நீ கேட்டது. பதிவேடுங்கறது ஆணையம் முடிவு பண்ணினது.”

“அவர் போன் பண்ணிச் சொன்னாரா சார்?”

வென் அவளைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். மழை பெய்தால் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போவார். “என் அறைக்கு வா. அங்க ஒருத்தர் உனக்குப் புரியற மாதிரி சொல்லுவாரு” என்றார்.

அறையில் சோபாவில் ஃபாங் உட்கார்ந்திருந்தான். மேலிடத்துத் தொடர்பு அதிகாரி. மேலிடம் என்றால் அமைச்சர்கள் உட்காரும் கட்டடம். நாற்பது வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவைத்து, உலர்ந்த பிளம் பொடி தூவிய கொய்யாத் துண்டுகளைப் பல்குச்சியால் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“உக்காரு தங்கச்சி. கொய்யா எடுத்துக்க. ஆணையத்துக்காரங்க எங்கிட்ட வாங்கிச் சாப்பிடலாமான்னு பயப்படாத, இது செயலர் வாங்கினது.” தானே சிரித்துக்கொண்டான். “ஒண்ணு சொல்றேன். ஆணையம் சுதந்திரமான அமைப்பு. அதுல நாங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோம். என் காரைக்கூட இந்தக் கட்டடத்துல நிறுத்தறதில்ல. பின்னாடி சந்துல நிறுத்திட்டு, மீன்கடைத் தண்ணியில நடந்துதான் வரேன். ஷூவப் பாரு.”

அவள் பார்த்தாள். ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

“நாங்க எதுலயும் தலையிடறதில்ல. எப்ப முடியும்னு மட்டும் கேக்கறோம். அதுகூடக் கேக்கக் கூடாதா?”

மேசையில் பதிவேட்டின் முதல் வரைவு கிடந்தது. பென்சில் திருத்தங்கள். கையெழுத்து வென்னுடையது இல்லை. தலைவர் பேசியதாக ஒரு வரி புதிதாக ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது: ‘இந்த முடிவில் அரசுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.’

அவள் அதைப் படிப்பதை ஃபாங் பார்த்துவிட்டான். “அது நான் சேர்த்தது. நல்லா இருக்குல்ல? அந்த வரி இல்லேன்னா ஜனங்க தப்பா நினைச்சுக்குவாங்க.” விரலில் ஒட்டிய பொடியை வரைவின் பின்பக்கத்தில் துடைத்தான். காகிதத்தில் ஈரமான பழுப்புக் கோடு விழுந்தது.

பெய்யூவுக்கு வாயில் எச்சில் ஊறியது. பசியால் அல்ல. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. “யோசிச்சு சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

“பாத்தீங்களா, பேராசிரியர் மாதிரியே பேசுது” என்றான் ஃபாங், வென்னிடம்.

அவளுக்கு அடுத்த மேசை ஷூமெய் அக்கா. பெய்யூ வருவதற்கு முன் பெட்டி அவளிடம்தான் இருந்தது. ஓய்வுக்குப் பதினாறு மாதம் இருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒலிப்பதிவு இயந்திரங்கள் ஓடும் அறையைத் தாடையால் காட்டினாள். இயந்திரங்கள் ஒழுங்காக ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சைச் சோளப் பொரிப் பொட்டலம் வைத்திருப்பார்கள்.

“அதை எடுத்து ஆணையர்கள் மேசைக்கு ஆளுக்கு ஒண்ணு வை. இயந்திரம் பாவம், அது சொன்ன பேச்சைக் கேக்குது.”

“அக்கா, நீங்க இந்த மாதிரி குத்தியிருக்கீங்களா? அவங்க சொல்லாததுக்கு?”

ஷூமெய் சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினாள். “அவங்க என்ன சொன்னாங்கன்னு நான் கேட்டுக்கிட்டதே இல்ல. அதான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது. நீ ஏன் குறிப்பெல்லாம் இவ்வளவு நல்லா எழுதறே?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு நினைவு வச்சுக்க. நாளைக்கு இது கோர்ட்டுக்குப் போச்சுன்னா, போலி முத்திரை குத்தினது யாருன்னுதான் கேப்பாங்க. யாரு சொன்னாங்கன்னு கேக்க மாட்டாங்க.”

பெய்யூ பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஜுவாங் அம்மாளைக் கேட்டாள். அவர் வியாழக்கிழமை காலையே ஜெனீவாவில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டதாக உதவியாளர் சொன்னாள். திடீரென்று ஏற்பாடான பயணம். வென் சார்தான் ஏற்பாடு செய்தாராம்.

மாலை கிளம்பும்போது அவள் பெட்டியைத் திறந்தாள். ஐந்து முத்திரைகளும் ஒரே மாதிரி, மலிவான மரம், முனையில் காய்ந்த சிவப்பு. விளக்கெண்ணெய் வாடை அடித்தது. லியானின் முத்திரையை எடுத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பதிவேட்டையும் தன் குறிப்பையும் பிரதி எடுத்துக்கொண்டாள். உடையவரிடம் அதைக் கொடுத்துவிட்டால் தன் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தாள். அவர் கோபப்படுவார். கோபப்பட்டால் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுவார். அதற்குமேல் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. அவர் எழுதிய கட்டுரைகளைப் புது ஊழியர்கள் எல்லோருக்கும் பயிற்சியில் படிக்கக் கொடுப்பார்கள். ஒழுங்குமுறை ஆணையம் அரசின் நீட்டிய கை அல்ல என்று அதில் ஒன்று தொடங்கும். அவள் அதை அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

சனிக்கிழமை முதல் வேக ரயிலில் தைனான் போனாள். பேராசிரியர் வீட்டில் இல்லை. மனைவி கதவை முக்கால்வாசி திறந்து, கோயிலுக்குப் பின்னால் மாட்டிறைச்சி சூப் கடையில் இருப்பார் என்றாள்.

காலை ஒன்பதரை மணி. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக அவர் கடையின் ஓர மேசையில் உட்கார்ந்திருந்தார். அவளை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“அட, குறிப்பெடுக்கிற பொண்ணு. தைப்பேலேருந்தா வரீங்க? உக்காருங்க. முதல்ல சூப் குடிங்க, அப்புறம் பேச்சு.” கடைக்காரரைப் பார்த்து, “இவங்களுக்கும் ஒண்ணு. என் மாணவி” என்றார்.

அவள் அவருடைய மாணவி இல்லை. மறுக்கவும் இல்லை. பச்சை இறைச்சிச் சீவல்களின் மேல் கொதிக்கும் சாறு ஊற்றிய கிண்ணம் வந்தது. சிவப்பு மெல்ல வெளுத்தது. அவள் எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்த நான்கு வாக்கியங்களைச் சொன்னாள்.

அவர் இஞ்சி போட்ட சோயாச் சாற்றில் ஒரு துண்டைத் தோய்த்து மென்றார்.

“அதாவது, நான் ஒத்துக்கிட்டதா எழுதியிருக்காங்கன்னு சொல்றீங்க.”

“ஆமா சார். பிரதி கொண்டு வந்திருக்கேன்.” கைப்பையைத் திறந்தாள்.

“வேண்டாம் வேண்டாம். உள்ள வைங்க. பாத்தா நான் பாத்தவனா ஆயிடுவேன்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. கை பைக்குள்ளேயே நின்றது.

“சார், நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். ஒப்புக்கொள்ளவில்லைன்னு.”

“எப்படி எழுதறது? நான் எதிர்க்கலியே.”

“அப்ப எந்தப் பக்கமும் இல்லைன்னு எழுதுங்க. நீங்க சொன்னது அதான்.”

அவர் சிரித்தார். “கெட்டிக்காரிதான். இங்க பாருங்க, நீங்க சின்னவங்க. ஜூலையில என் பதவிக்காலம் முடியுது. மறு நியமனக் கோப்பு மேல இருக்கு. நான் எதிர்த்தேன்னு போனா அவங்க என்னை எடுத்துடுவாங்க. அந்த இடத்துல ஒரு ஆமாம்சாமியைப் போடுவாங்க. அப்ப ஆணையத்தோட சுதந்திரம் என்ன ஆகும்? யோசிங்க. நான் உள்ள இருந்தாத்தான் அதைக் காப்பாத்த முடியும்.”

“அப்ப ஒத்துக்கறேன்னு நீங்களே கை தூக்கியிருக்கலாமே சார்?”

“அது எப்படி? என் மாணவர்கள் என்ன நினைப்பாங்க? நான் எழுதினதெல்லாம் என்ன ஆகிறது?” உண்மையிலேயே புண்பட்டவர் போலப் பேசினார். “நான் அன்னைக்கு என்ன செஞ்சேன்? எழுந்து வந்துட்டேன். அதுக்கு மேல நடந்தது செயலக விஷயம். திங்கட்கிழமை செய்தியில பாப்பேன். அதிர்ச்சி அடைவேன். ஒரு கட்டுரை எழுதுவேன். செயலக நடைமுறையைச் சீர்திருத்தணும்னு.”

“செயலகம்னா நான்தான் சார்.”

“உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன்.”

அவள் உறையை எடுத்து மேசையில் அவர் முன் வைத்தாள். “உங்க முத்திரை சார். நீங்களே வச்சுக்கங்க. அப்ப யாரும் குத்த முடியாது.”

அவர் அதைத் தொடவில்லை. சாப்பிடும் குச்சிகளின் நுனியால் அவள் பக்கம் தள்ளினார். உறை மேசைமேல் சிந்தியிருந்த சாற்றில் வழுக்கிக்கொண்டு வந்து அவள் கிண்ணத்தில் முட்டி நின்றது.

“அது உங்க ஆபீஸ்ல இருக்கறதுதான் முறை. என்கிட்ட இருந்தா, எப்பக் குத்தினேன், ஏன் குத்தினேன்னு கேப்பாங்க. சூப் ஆறுது, குடிங்க.”

ஏன் குடித்தாள் என்று பின்பு அவளால் சொல்ல முடியவில்லை. பெரியவர் வாங்கிக் கொடுத்தது. பழக்கம். ஊருக்கு வெளியே இருக்கும் வேக ரயில் நிலையத்துக்குப் போகும் வண்டியில் அந்தச் சுவை தொண்டைக்கு ஏறி ஏறி வந்தது. ஃபாங்கைப் பார்த்தபோது வந்தது வெறும் அருவருப்பு. இது அப்படி இல்லை. ஃபாங் பிடுங்க வந்தவன். இவரிடம் பிடுங்க ஒன்றும் இருக்கவில்லை. தன் சுதந்திரத்தை அவர் முதல் நாளே தகரப் பெட்டியில் போட்டுவிட்டு ரயிலேறிப் போனவர். அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு அவளைத்தான் புத்தி இல்லாதவளாகப் பார்த்தார். அவள் உறையைக் காகிதத் துண்டால் துடைத்தாள். மாட்டுக் கொழுப்பு போகவில்லை.

திங்கட்கிழமை காலை வென்னின் அறைக்குப் போய், முத்திரை குத்த முடியாது என்றாள். தன்னுடையதையும் குத்த முடியாது, தான் கேட்டது அது இல்லை என்றாள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

வென் தலையாட்டினார். “சரி.”

“சரியா சார்?”

“உன் மனசு ஒப்பலேன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இந்த ஆபீஸ்ல யாரும் யாரையும் கட்டாயப்படுத்தினது கிடையாது. போய்ச் சாப்பிடு. முகம் வெளுத்துக் கிடக்கு.”

அவள் சாப்பிடப் போனாள். உண்மையாகவே லேசாக இருந்தது. மறுப்பது இவ்வளவு சுலபமா என்று அரிசி நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டே நினைத்தாள். லியானின் முத்திரை அவள் கைப்பையில் இருந்தது, அது இல்லாமல் பதிவேடு செல்லாது. பொருள் முடிவாகவில்லை என்ற பழைய நிலையே நிற்கும்.

ஒரு மணிக்குத் திரும்பியபோது பெட்டி ஷூமெய் அக்காவின் மேசையில் இருந்தது. அவள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குத்திக்கொண்டிருந்தாள். தலைவர். அடுத்தவர். லியான். பிறகு மற்ற இருவர். லியானின் முத்திரை மரம் மட்டும் புதுசு, விளிம்பில் மாவு போலத் தூள் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் அதே மரத்தில் இன்னொரு புது முத்திரை கிடந்தது. பெய்யூ அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகச் செதுக்கியிருந்ததைப் படிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. லாய் பெய்யூ.

கீழே கடைக்காரரிடம் யார் போய் எந்தப் பெயரைச் சொன்னாலும் பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுப்பார். அடையாள அட்டை கேட்க மாட்டார். அது அவளுக்கும் தெரிந்ததுதான். அவளே இரண்டு ஆணையர்களுக்கு அப்படி வாங்கி வந்திருக்கிறாள்.

“அக்கா, இது என் பேரு.”

“எனக்கும் வாசிக்கத் தெரியும்.”

“நான் இங்கயேதானே இருக்கேன்.”

“அதான் உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சார் சொன்னாரு.” ஷூமெய் நிமிர்ந்து பார்க்கவில்லை. “கொடு அதை. ஒரே இடம்தான் பாக்கி.”

“கோர்ட்டுக்குப் போனா யாரு குத்தினதுன்னுதான் கேப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“குத்தினது நீ. உன் பேருதானே இருக்கு.” ஷூமெய் மசிப் பெட்டியை அருகில் இழுத்தாள். காது மடல் சிவந்திருந்தது. “பதினாறு மாசம், பெய்யூ” என்றாள். “பதினாறே மாசம்.”

பெய்யூ முத்திரையைப் பெட்டிக்குள் வைத்தாள். ஷூமெய் அதை எடுத்து, சிவப்பு மசியில் இரண்டு முறை ஒற்றி, ஆறாவது இடத்தில் அழுத்தினாள். சரியாக, நேராக, அழகாக விழுந்தது. இருபது வருடப் பழக்கம்.

பெய்யூ கழிப்பறைக்குப் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். பிறகு அரை நாள் விடுப்புத் தாள் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

குடிமக்கள் பதிவு அலுவலகம் நான்கு தெரு தள்ளி இருந்தது. அவளுடைய முத்திரையை வங்கிக் கடனுக்காகப் போன வருடம் அங்கே பதிவு செய்திருந்தாள். எண் வாங்கி உட்கார்ந்தாள். இருபது நிமிடத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள்: லாய் பெய்யூவின் முத்திரை இது, இது மட்டுமே என்று, அச்சோடு. பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். கல்லூரியில் ஆய்வக அறிக்கை எழுதுவது போலத்தான் அவளுக்கு எழுத வந்தது. புதன்கிழமை கூட்டத்தில் கேட்டது. வெள்ளிக்கிழமை தலைமைச் செயலர் அறையில் பார்த்தது. சனிக்கிழமை தைனானில் கேட்டது. இன்று ஒரு மணிக்கு மேசையில் பார்த்தது. பதிவேட்டில் உள்ள என் முத்திரை என்னுடையது அல்ல. எங்கும் வருத்தம் என்றோ கண்டிக்கிறேன் என்றோ எழுதவில்லை. இணைப்பு ஒன்று, முத்திரைச் சான்றிதழ். இணைப்பு இரண்டு, கூட்டக் குறிப்பின் பிரதி. இணைப்பு மூன்று, பேராசிரியர் லியானின் பெயரில் அலுவலகத்தில் இருந்த பழைய முத்திரை, உறையோடு.

அதை மாடிக்குக் கொண்டுபோகவில்லை. கட்டடத்தின் தரைத்தளத்தில் பொதுமக்கள் தபால் வாங்கும் சாளரத்தில் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற ஆள் கைப்பேசிக் கோபுரத்தால் தன் கோழிகள் முட்டையிடவில்லை என்று மனு கொண்டுவந்திருந்தார். அவருக்கு எண் போட்டுக் கொடுத்தார்கள்.

சாளரத்துக்காரர் அவளைப் பார்த்தார். “நீங்க எட்டாவது மாடிதானே? லிப்ட்ல எடுத்துட்டுப் போய்க் கொடுத்துடலாமே.”

“இல்லீங்க. எண் போட்டுக் கொடுங்க.”

“சொந்தப் பேர்லயா?”

“ஆமா.”

“எந்தக் கோப்புக்கு?”

அவள் தென்கரையின் கோப்பு எண்ணைச் சொன்னாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் கடிதத்தில் எண் அச்சிட்ட பட்டையை ஒட்டினார். வெளியிலிருந்து வந்து எண் விழுந்த காகிதத்தை அந்த ஆணையத்தில் யாரும் எடுத்துப்போட முடியாது. கோழி மனுவானாலும் கோப்போடு கடைசிவரை கிடக்கும். உரிமம் போன தொலைக்காட்சி கோர்ட்டுக்குப் போகும். அதன் வழக்கறிஞர் முதல் வேலையாகக் கோப்பைக் கேட்பார். கேட்டால் முழுசாகக் கொடுக்க வேண்டும். தொலைக்காட்சியை அது காப்பாற்றுமா என்று அவளுக்குத் தெரியாது. நாளை மறுநாள் முதல் தென்கரை இருட்டாகத்தான் இருக்கும். வழக்கு ஒரு வருடம் நடக்கலாம், மூன்று வருடம் நடக்கலாம். தன் வேலை அவ்வளவு நாள் தாங்காது என்பது மட்டும் தெரிந்தது.

நான்கு மணிக்கு அறிவிப்பு வந்தது. நாலேகாலுக்கு வென் தானே கீழே இறங்கி வந்தார். அவள் இன்னும் தரைத்தள நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றிருந்தாள்.

“அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கிக்க, பெய்யூ.”

“எண் விழுந்துடுச்சு சார்.”

“உனக்கு ஏதாவது குறையிருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம். வெளியாள் மாதிரி வரிசையில நின்னு... நாம ஒரே குடும்பமா இருக்கோம்.” குரல் நடுங்கியது. அவளுக்காகவா தனக்காகவா என்று சொல்ல முடியவில்லை. “ஷூமெய் பேரையும் எழுதியிருக்கியா?”

“பாத்தது எல்லாத்தையும் எழுதியிருக்கேன் சார்.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. இந்த முறை குடை கொடுக்கவில்லை.

அவள் மெட்ரோவுக்கு நடந்து, முத்திரைக் கடையைத் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட்டு எடுக்காமல் போன எண். முதன்முறையாக அங்கிருந்து வந்தது.

“ஒரு கடிதம் கொடுத்திருக்கீங்களாம்” என்றார் பேராசிரியர் லியான்.

“ஆமா சார்.”

“சூப் கடையில பேசினது அதுல இருக்கா?”

“இருக்கு.”

“அது தனிப்பட்ட பேச்சு. உங்களை நம்பிப் பேசினேன்.”

அவள் கடை வாசலில் ஒதுங்கி நின்றாள். கடைக்குள் வெட்டும் இயந்திரம் பல் மருத்துவரிடம் கேட்பது போலச் சத்தம் போட்டது.

“சரி, அது போகட்டும். முத்திரை ஒண்ணை இணைச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. அது என் முத்திரை. என் பேர் இருக்கு அதுல. என்னைக் கேக்காம எப்படி நீங்க அதைக் கோப்புல போட முடியும்? அது என்னோடது.”

“வந்து வாங்கிக்கங்க சார். தரைத்தளச் சாளரத்துல கேட்டாக் கொடுப்பாங்க. உங்களோடது இது மட்டும்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்.”

எதிர்முனையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவள் ஒப்புக்கொண்ட நான்கு பேரின் பெயர்களையும் சொன்னாள். மூன்றாவது பெயர் வந்தபோது அவர் ஒலியைக் குறைத்தார்.